போன் யாருட கையில இரிக்கி?

போன மாசம் மட்டக்களப்பு டவுன்ல ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தன். கிராமத்துத் தாய்மாருக்கு மனச்சோர்வு வந்தா உதவி செய்ய ஒரு செயலி செய்யப்போறாங்களாம், கருத்துச் சொல்லுங்க எண்டு கூப்பிட்டிருந்தாங்க. ஏசி ஹோல், பெட்டிஸ், ரோல்ஸ், நெஸ்கஃபே எல்லாம் இருந்திச்சி. ஸ்கிரீன்ல ரோஸ் கலர்ல ஒரு படம், அதுக்குள்ள சிரிக்கிற மூஞ்சில இருந்து அழுற மூஞ்சி வரைக்கும் அஞ்சு மூஞ்சி. தாய் காலையில எழும்பி இண்டைக்கு மனசு எப்பிடி எண்டு அதில ஒண்ட அமத்தணும், மூணு நாள் தொடர்ந்து அழுற மூஞ்சிய அமத்தினா ஆறுதலா ஒரு மெசேஜ் வரும். அதச் செஞ்ச தம்பி நல்ல தம்பி, ராப்பகலா இருந்து செஞ்சிருப்பான் எண்டு பார்க்கவே வெளங்கிச்சி. கேள்வி ஏதும் இரிக்கா எண்டு கடைசியில கேட்டாங்க. எனக்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் இருந்திச்சி, அந்தப் போன் யாருட கையில இரிக்கும் எண்டு. நான் கேக்கல்ல. கேட்டா ஏன் கேக்கிறீங்க எண்டு திருப்பிக் கேப்பாங்க, மறுகா 2021ல நான் செஞ்ச ஒரு வேலைய அவ்வளவு பேருக்கு முன்னால சொல்லவேண்டி வரும். ரோல்ஸத் திண்டுட்டு வீட்டுக்கு வந்துட்டன். அண்டைக்கு ராவு நித்திர வரல்ல, அதான் எழுதுறன்.

2021 ஓகஸ்ட் 20ம் திகதி ராவு நாட்டப் பூட்டினாங்களே, அந்த லொக்டவுன். களுவாஞ்சிக்குடியில வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்த எனக்கு, கூடப் படிச்ச ஒராள் மூலமா இந்த வேல வந்திச்சி. மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, படுவான்கரைப் பக்கம் கஷ்டப்பட்ட குடும்பங்கள்ல பிள்ள பெத்து ஒரு வருசத்துக்குள்ள இரிக்கிற தாய்மார். கிளினிக் ஒழுங்கா நடக்கல்ல, மிட்வைஃப் மிஸ்மாரெல்லாம் கொவிட் வேலையில ஓடித்திரியிறாங்க, அதனால ஒன்லைன்ல ஆதரவு குடுப்பம் எண்டு யோசின. சூம்ல ரெண்டு நாள் பயிற்சி தந்தாங்க. எட்டுக் கிழமைக்கு, கிழமைக்கொரு சின்ன வீடியோ வட்ஸ்அப்ல அனுப்பணும், அதில சொன்னதச் செஞ்சாங்களா எண்டு வொய்ஸ் போட்டு விசாரிக்கணும், அவ்வளவுதான். எனக்குப் பன்ரெண்டு தாய்மார் தந்தாங்க. கொப்பில பேர் எழுதக்கூடாது, நம்பர் மட்டும்தான் எண்டாங்க. இரகசியம் காக்கிறதாம். கொப்பில காத்தன்தான்.

ஏழாம் நம்பர்

வெல்லாவெளிக்கு அங்கால உள்ள ஊர். பட்டிருப்புப் பாலம் தாண்டி, பெரியபோரதீவு தாண்டி, மறுகாவும் போகணும். மூத்த பொடியனுக்குப் பத்து வயசு, கைக்குழந்தைக்கு நாலு மாசம். புருசன் கட்டார்ல மேசன் வேல, ஏஜென்சிக்குக் கட்டின காசு கிழமைக் கடனா இஞ்ச நிக்கி. வீட்டில மாமியும் இவவும் ரெண்டு புள்ளையளும். முதல் நாலு நாள் நான் எடுக்க எடுக்க போனத் தூக்கவே இல்ல. மறுகா மிட்வைஃப் மிஸ் சொல்லித்தான் எடுத்தா, எடுத்தும் "கடன் கம்பனி ஆக்கள் எண்டு நினைச்சன் அக்கா" எண்டா. தெரியாத நம்பர் எண்டா அவவுக்கு அது ஒண்டுதான். எங்களுக்கு இந்த விசயம் பயிற்சியில ஒருத்தரும் சொல்லித்தரல்ல, அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

முதல் நாள் கேள்விக்கொத்து. பிள்ள பெத்த தாய்க்கு மனச்சோர்வு இரிக்கா எண்டு பார்க்கிறது, எடின்பரோ எண்டு சொல்லுவாங்க, 1987ல ஸ்கொட்லாந்தில செஞ்சது, பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாள் எப்பிடி இருந்தீங்க எண்டு கேட்டு 30க்குப் புள்ளி போடுறது. உலகம் முழுக்கப் பாவிக்கிறாங்க, நல்ல சாமான்தான், நான் குறை சொல்ல வரல்ல. ஆனா அதில ஒரு கேள்வி, காரணம் ஒண்டும் பெரிசா இல்லாமப் பயமோ பதட்டமோ வந்திச்சா எண்டு. நான் வாசிச்சன். அந்தப் புள்ள கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "காரணம் இல்லாமலா அக்கா? காரணம் இரிக்கித்தானே" எண்டிச்சி. முந்தநாள் ராவு ஆன வந்து பின்பக்கத்து வாழையெல்லாம் முறிச்சிட்டுப் போயிருக்கு, குழந்தையத் தூக்கிட்டுப் பக்கத்துக் கல்வீட்டுக்கு ஓடினவங்களாம். செவ்வாக்கிழம வந்தா கடன். கேள்வியில எழுதினபடி பார்த்தா "இல்ல" எண்டு போடணும், சைபர் புள்ளி. ராவில கண் மூடாத ஒரு மனிசிக்கு பயத்துக்கு சைபர். நான் பேனைய வச்சிட்டு இருந்தன். கடைசியில இடையில ஒண்டப் போட்டன், சரியா பிழையா எண்டு இண்டைக்கும் தெரியல்ல.

கேள்வி கேக்க உள்ளுக்க "டொக் டொக்" எண்டு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திச்சி. என்ன அது எண்டு கேட்டன், மாமி வெத்தில இடிக்கிறா எண்டா. பத்தாவது கேள்வி, உங்களுக்கு நீங்களே ஏதும் செஞ்சு கொள்ளுவமா எண்டு யோசின வந்திச்சா எண்டுறது. அதக் கேட்டதும் அவவும் பேசல்ல, அந்தச் சத்தமும் நிண்டு போச்சு. ஒள்ளம் பொறுத்துச் சத்தம் திரும்பத் தொடங்கினாப் பிறகு, மெல்ல, "சில நேரம்" எண்டா. அதுக்கு மேல ஒண்டும் சொல்லல்ல, குழந்த அழுகுது எண்டு வச்சிட்டா. குழந்த அழுற சத்தம் எனக்குக் கேக்கல்ல.

பத்தாவது கேள்விக்கு ஓம் எண்டு வந்தா உடனே மேல சொல்லணும் எண்டது விதி. சொன்னன். மிட்வைஃப் மிஸ்சுக்கு அறிவிக்கிறம், நீங்க விடாமத் தொடர்பில இரிங்க, மனநல உதவிக்கு எடுக்கிற 1926 நம்பரக் குடுங்க, அது 24 மணி நேரமும் வேல செய்யும் எண்டாங்க. குடுத்தன். அந்த நம்பரால நல்லது நடந்த ஆக்கள எனக்குத் தெரியும், யாரும் தேவைப்பட்டா எடுங்க. ஏழாம் நம்பர் எடுத்தாவா எண்டு கேட்டா, போன் எடுக்க ஒரு இடம் வேணுமே. ரெண்டு அறை, அதில ஒண்டுக்குத்தான் கதவு. நான் புத்திசாலி மாதிரி, எல்லாரும் படுத்தாப் பிறகு முத்தத்துக்கு வந்து வொய்ஸ் போடுங்க தங்கச்சி எண்டன். "அக்கா, அது ஆன வாற நேரம்." எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்திச்சி. பாலத்துக்கு இஞ்சால இரிக்கிற எங்களுக்கு ராவு எண்டா தனிம, அங்கால ராவு எண்டா ஆன.

பிறகு அவவே ஒரு இடம் சொன்னா, கிணத்தடி. அங்க ஒரு கட்டை சிக்னல் வரும். குளிக்கப் போற சாட்டில போன உடுப்புக்குள்ள சுத்திக் கொண்டு போவன் எண்டா. அழுறதெண்டாலும் அங்கதானாம், ரெண்டு வாளி தண்ணிய மூஞ்சில ஊத்தினா ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு தரம் கிணத்தடியில இருந்து கதைச்சா. ரெண்டாந் தரம் பத்து நிமிசத்துக்கு மேல, குழந்தையப் பார்த்தா ஒண்டும் தோணுதில்ல அக்கா, ஆருடயோ பிள்ளைய வச்சிருக்கிற மாதிரி இரிக்கி, பால் குடுக்கன், கழுவுறன், ஆனா ஒண்டுமில்ல எண்டா. மூத்தவனுக்கு அப்பிடி இல்லயாம். நான் பெருசா ஒண்டும் சொல்லல்ல, கேட்டுக்கொண்டு இருந்தன். வாளி கிணத்துக்குள்ள போற சத்தம், கப்பி கிறீச்சிடுற சத்தம். அந்தப் பத்து நிமிசத்துக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தன் எண்டு பெருமையா நினைச்சன்.

வீடியோவப் பத்தியும் சொல்லணும். மனசுக்குப் பிடிச்ச சின்ன விசயம் ஒண்ட தினமும் செய்ங்க எண்டு ஒரு பாடம். உண்மையில நல்ல பாடம், மனச்சோர்வில கெடக்கிற ஆள் மனசு வந்தாப் பிறகு செய்வம் எண்டு இருந்தா அந்த மனசு வராது, செய்யச் செய்யத்தான் ஒள்ளம் ஒள்ளமா வரும். ஆனா எங்கட வீடியோவில ஒரு பொம்புள யன்னலடியில இருந்து கப்பில தேத்தண்ணி குடிச்சிட்டு மழையப் பார்க்குறா. படுவான்கரையில மழையப் பார்த்தா கூரை ஒழுகுறதுதான் ஞாபகம் வரும். அதோட அப்ப 49 ரூபா டேட்டா காட் போட்டா அது மூத்தவன்ட வகுப்புக்கு. அஞ்சாம் வகுப்பு, புலமைப்பரிசில். பாடமெல்லாம் வட்ஸ்அப்லதான் வரும். என்ட வீடியோ டவுன்லோட் ஆனா அவன்ட கணக்குப் பேப்பர் வராது. எது முக்கியம் எண்டு எந்தத் தாயக் கேட்டாலும் சொல்லுவா.

அந்த வொய்ஸ்

இத எழுதுறதுக்காகத்தான் இவ்வளவும் சுத்தி வந்தன்.

நாலாம் கிழம ஏழாம் நம்பர் மூணு நாளா ஒண்டுக்கும் பதில் இல்ல. ஒற்றை டிக். போன் ஓஃப். எனக்கு நெஞ்சு பதறத் தொடங்கிற்று. பத்தாவது கேள்வியும் அந்த "சில நேரம்" எண்டதும் தலைக்குள்ள சுத்துது. மூணாம் நாள் பின்னேரம் ரெண்டு டிக் விழுந்திச்சி, ஒன்லைன் எண்டு காட்டுது. யோசிக்கவே இல்ல. மைக்க அமத்திப் பிடிச்சிட்டு அவசர அவசரமா ஒரு வொய்ஸ் அனுப்பினன். "தங்கச்சி, எங்க போனீங்க, பயந்திட்டன். அண்டைக்கு சாகலாம் போல இரிக்கி எண்டு சொன்னீங்கதானே, இப்பயும் அப்பிடி யோசின வருதா? மறைக்காமச் சொல்லுங்க." அவ சாகலாம் போல எண்டு சொல்லவும் இல்ல. "சில நேரம்" எண்டுதான் சொன்னவ. அந்த வார்த்தை என்ட.

அந்தச் சின்ன மைக் படம் நீலமாச்சி. கேட்டாச்சி. பதில் இல்ல. ஒரு அஞ்சு நிமிசத்தால ஒரு வொய்ஸ் வந்திச்சி. பொடியன்ட குரல். "அம்மா மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போயிட்டா." அவ்வளவுதான். ஏழு செக்கனும் இல்ல. அதுக்குப் பின்னால மூச்சுச் சத்தம் மட்டும்.

மூணு நாளா ரீலோட் இல்லாமக் கெடந்த போனுக்கு அண்டைக்குத்தான் காசு வந்து காட் போட்டிருக்காங்க. பொடியன் முத்தத்தில பாய் போட்டு வகுப்பு மெசேஜ் பார்த்துக்கொண்டு இருந்திருக்கான். ஸ்பீக்கர்ல. பக்கத்தில மாமி, வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு ஆக்கள். சேர் அனுப்பின வொய்ஸ் எண்டு நினைச்சிட்டு அமத்தியிருக்கான்.

இதெல்லாம் பிறகுதான் தெரியும். அண்டைக்கு எனக்குத் தெரிஞ்சது அந்தப் பொடியன்ட குரல் மட்டும். கொப்பில "பதில் கிடைத்தது" எண்டு எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்திச்சி.

ஒக்டோபர் 1ம் திகதி நாட்டத் திறந்தாங்க, நாலாம் நாள் ஸ்கூட்டிய எடுத்துக்கொண்டு போனன். வேலையில நேர போகச் சொல்லி இல்ல, ஒருத்தருக்கும் சொல்லாமத்தான். வீட்டக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர முத்தத்தில மாமிதான் இருந்தா, உரல மடியில வச்சிக்கொண்டு. என்ட குரலக் கேட்டதும் ஆள் ஆரெண்டு வெளங்கிற்று. ஏசுவா எண்டு பார்த்தன், ஏசல்ல. இரிங்க மனே எண்டு பாயப் போட்டா, தேத்தண்ணி போடப் போன மருமகள ஒருக்காத் திரும்பிப் பார்த்தா, மறுகா குரலக் குறைச்சிட்டுச் சொன்னா: "நீங்க கேட்டுட்டுப் போன வச்சிருவீங்க மனே. இஞ்ச ராவில முழிச்சிக் கெடக்கிறது நான்தானே."

நான் என்ன சொல்ல. அவ தொடர்ந்து சொன்னா. பொடியன் இப்ப தாய விட்டு அசையிறானில்லயாம். பாயில தாய்ட சட்டை நுனிய விரல்ல சுத்திக்கொண்டுதான் படுப்பானாம். கிணத்தடிக்குப் போனாலும் பின்னால போய் வாளியப் பிடிச்சிக்கொண்டு நிப்பானாம். "என்னடா எண்டு கேட்டா ஒண்டுமில்லங்கான். அவனுக்கு வெளங்கிற்று மனே, சின்னப் புள்ள எண்டு நினைக்காதீங்க." தேத்தண்ணி கொண்டு வந்து தந்த அந்தப் புள்ள என்ட மூஞ்சப் பார்க்கல்ல. அவவுக்கு இருந்த ஒரே ஒரு இடத்தையும் நான் புடுங்கிட்டன். கிணத்தடியில இப்ப எப்பயும் ஒரு பத்து வயசுக் காவல்காரன்.

எழும்பி வர வெளிக்கிட, கேற்றடி வரைக்கும் வந்த மாமி, தனக்கும் மூத்தவன் பொறந்த நேரம் இப்பிடித்தான் கெடந்தது எண்டா. தொண்ணூறில இடம்பெயர்ந்து ஓடின நேரம். பிள்ள பெத்தவளுக்குக் காயம் அரைச்சுக் குடுக்க, வேப்பிலைத் தண்ணி வாக்க ஆக்கள் இல்ல, துடக்குக் கழிக்கவே வீடு இல்ல. பிள்ளைய எங்கயாவது வச்சிட்டுப் போயிருவமா எண்டு யோசிச்சவவாம். "ஆர் கேட்டது அப்ப?" எண்டா. இத மருமகளுக்குச் சொன்னீங்களா மாமி எண்டு கேட்டன். "இதெல்லாம் சொல்ற கதையா மனே."

வாசிச்சதும் விளங்கினதும்

அதுக்குப் பிறகுதான் இதப்பத்தித் தேடித்தேடி வாசிச்சன், குற்ற உணர்ச்சியிலதான் வாசிச்சன் எண்டு சொல்லணும். அமெரிக்காவில ஒரிகன் பக்கம் கஷ்டப்பட்ட தாய்மாருக்கு இணையத்தில மனச்சோர்வுக்கு ஒரு பாடத்திட்டம் செஞ்சு பார்த்திருக்காங்க, 2012ல வெளிவந்த ஆய்வு, 70 தாய்மார், எட்டுப் பாடம். நடுவில விட்டுட்டுப் போனவங்க குறைவு, மனச்சோர்வும் நல்லாக் குறைஞ்சிருக்கு. அதப் பார்த்தா எங்கட எட்டு வீடியோவும் அதே கணக்குத்தான் எண்டு தோணிச்சி. ஆனா ஒழுங்கா வாசிச்சா, அங்க பாடம் மட்டும் நடக்கல்ல, பயிற்சி எடுத்த ஒராள் தாய்க்குப் போன் எடுத்து நேரம் ஒதுக்கிக் கதைச்சிருக்கா. சாதாரண போன் கோல். இதப் பார்த்துச் செய்ற ஆக்கள் வீடியோவையும் மூஞ்சிப் படத்தையும் எடுத்துக் கொள்றாங்க, காசும் ஆளும் பிடிக்கிற அந்தக் கோல விட்டுட்டுப் போறாங்க.

மற்றது பாகிஸ்தான்ல, ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்கள். 2008ல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்தது. அங்க இணையமெல்லாம் இல்ல, எங்கட மிட்வைஃப் மிஸ்மார் மாதிரி வீடு வீடாப் போற சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க. மனச்சோர்வு உள்ள 900 சொச்சம் தாய்மார். ஆறு மாசத்துக்குப் பிறகு பார்த்தா, இந்த ஆதரவு கிடைச்சவங்கள்ல 23 வீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு, மற்றப் பக்கம் 53 வீதம். எனக்கு அந்த நம்பர விட அவங்க கதவைத் தட்டின விதம்தான் பிடிச்சது. உனக்கு மனநோய், வைத்தியம் பார்க்க வந்திருக்கம் எண்டு போகல்ல. குழந்த நல்லா வளரணும், அதுக்குத் தாய் நல்லா இரிக்கணும், வாங்க எல்லாரும் சேர்ந்து பாப்பம் எண்டு மாமியையும் புருசனையும் உள்ளுக்க இருத்திக் கதைச்சிருக்காங்க. நான் மாமிய ஒரு இடைஞ்சலா நினைச்சி, எப்பிடி அவட காதில படாமக் கதைக்கிற எண்டுதான் அவ்வளவு நாளும் யோசிச்சன். தொண்ணூறில இருந்து அந்தக் கதைய வச்சிக்கொண்டு அவ முத்தத்தில இருந்து வெத்தில இடிச்சிக்கொண்டு இருந்திருக்கா.

அதுக்காக மாமிமாரெல்லாம் தெய்வம் எண்டு சொல்ல வரல்ல. என்ட பன்ரெண்டு பேரில ரெண்டு பேருக்கு மாமிதான் வருத்தமே. அதில ஒருத்தி, போனையே மாமி தலாணிக்குக் கீழ வச்சிட்டுப் படுக்கிறா எண்டு சொன்னவ. ஒரு வீட்டுக்குச் சரிவாறது அடுத்த வீட்டுக்கு ஆபத்து. அத முதல்ல விசாரிக்காம எந்தப் பட்டனையும் ஒருத்தரும் அமத்தக்கூடாது.

ஏழாம் நம்பர், மிட்வைஃப் மிஸ் கூட்டிக்கொண்டு போக, ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போனா. குழந்தைக்கு நிறுவ பார்க்கப் போறம் எண்டுதான் ஊருக்குச் சொன்னது. பால் குடுக்கிறாவா எண்டு கேட்டுத்தான் குளிசை தந்தாங்க. கூடப் போனது மாமி. பஸ் காசுக்கு முட்டை வித்தவவாம். இது என்னால நடந்தது எண்டு நான் சொல்லமாட்டன், எனக்குப் பிறகுதான் நடந்தது. ஒக்டோபர் கடைசியில சின்ன வகுப்புகள் தொடங்க பொடியன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான், காலையில போன் வீட்டில நிண்டிச்சி. அப்ப அவவே ஒரு ஒழுங்கு சொன்னா. அவ ரெண்டு ரிங் அடிச்சிக் கட் பண்ணினா நான் திருப்பி எடுக்கணும். நானா எடுக்கக்கூடாது, வொய்ஸ் அனுப்பவே கூடாது. கதைக்கிற நேரம் வெத்தில இடிக்கிற சத்தம் கேட்டா குழந்தைட சாப்பாடு பத்திக் கேக்கணும். சத்தம் இல்லாட்டி மற்றக் கதை. எட்டுக் கிழம வேல எப்பயோ முடிஞ்சி கொப்பையும் குடுத்திட்டன். ரெண்டு ரிங் மட்டும் மாசத்தில ஒருக்கா ரெண்டு தரம் வரும், சில மாசம் வராது.

பொடியன் இப்ப பெரிய ஆள். அந்த வொய்சப் பத்தி அவனுக்கிட்ட ஒருத்தரும் கதைச்சதில்ல எண்டு நினைக்கன். நானும் கேக்கல்ல.

அந்தச் செயலிக் கூட்டம் முடிஞ்சி ரெண்டு நாளால, காலையில பத்து மணி இரிக்கும், ரெண்டு ரிங். திருப்பி எடுத்தன். மாமிதான் தூக்கினா. "ஆ மனே, சுகமா? ஒள்ளம் நில்லுங்க, புள்ள கிணத்தடியில, குடுக்கன்." செருப்பு இழுபடுற சத்தம், நாய் குலைக்கிற சத்தம், மறுகா அவ "அக்கா" எண்டா. குரல் ஒரு மாதிரி இருந்திச்சி. என்ன தங்கச்சி எண்டு கேக்க வாயெடுத்தன். கிட்டத்தில, நல்லாக் கிட்டத்தில, டொக் டொக் எண்டு கேட்டிச்சி.

"சின்னவ சோறு திங்கிறாளா?" எண்டு கேட்டன்.

"ஓம் அக்கா. முட்டை குடுத்தாத் திம்பா."